ஈய நச்சுப்பாடு, குழந்தைகளில்

தூசி, குடிநீர், பெயின்ட் வழியாக உடலில் சேரும் ஈயம், குழந்தையின் வளரும் மூளையைப் பாதிக்கும் நிலை. பாதுகாப்பான அளவு என எதுவும் கண்டறியப்படவில்லை.

ஈயம் கால்சியத்தின் இடத்தைப் பிடித்து, நரம்பணுக்களுக்கிடையிலான தொடர்பைக் குலைக்கிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குடல் நான்கைந்து மடங்கு ஈயத்தை உறிஞ்சும். உரிந்து விழும் பழைய பெயின்ட் செதில் இனிப்பதால் குழந்தைகள் அதை வாயில் போடுவது இன்னொரு தொல்லை.

அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மன், பாஸ்டனை அடுத்த செல்சி, சோமர்வில் ஊர்களின் பள்ளிப் பிள்ளைகளிடம் விழுந்த பால்பற்களைச் சேகரித்து ஈயத்தை அளந்தார். வெளிப்பார்வைக்கு நலமாக இருந்தாலும், பல்லில் ஈயம் மிகுந்த பிள்ளைகள் நுண்ணறிவுச் சோதனையிலும் வகுப்புக் கவனத்திலும் பின்தங்கியிருந்ததை 1979இல் வெளியிட்டார்.

புகை வழியாகத் தூசியில் ஈயம் சேர்த்த, ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000இல் நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியாவில், 2021இல். சிகிச்சையில், சக்சைமர் மருந்து இரத்த ஈயத்தைக் குறைக்கும். இழந்த அறிவுத்திறனை மீட்பதில்லை.