வேகமல்ல, கணக்கு

எமது பிள்ளைகள் ராப் பாடல் கேட்கும்போது, "இதுவும் ஒரு பாட்டா? வேகமாகப் பேசுகிறார்கள், அவ்வளவுதானே" என்று நாம் முகம் சுளிப்பதுண்டு. அதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

1973 ஆகஸ்ட் 11. நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதி. பாடசாலை தொடங்குமுன் புத்தாடை வாங்கக் காசு சேர்ப்பதற்காக ஒரு மாணவி விருந்தொன்றை நடத்தினார். இசைத்தட்டு போட்டவர் அவரது சகோதரர், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹேர்க். ஹிப்ஹொப்பின் பிறந்தநாளாக இன்று கொண்டாடப்படுவது அந்த நாள்தான். ட்ரம்ஸ் மட்டும் ஒலிக்கும் பகுதியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, அதன்மேல் ஒலிவாங்கியில் பேசிய பேச்சே ராப்பாக வளர்ந்தது.

ராப்பில் பொதுவாக ஒரு சுற்றுக்கு நான்கு தட்டு. 1979இல் வந்த 'ராப்பர்ஸ் டிலைட்' போன்ற ஆரம்பகாலப் பாடல்களில் இயைபு பெரும்பாலும் நான்காவது தட்டில் வந்து விழும். எங்கே விழும் என்பது கேட்பவருக்கு முன்பே தெரியும்.

1987இல் 'பெய்ட் இன் ஃபுல்' இசைத்தொகுப்பில் ரகீம் அதை மாற்றினார். சிறுவயதில் சக்சபோன் வாசித்துப் பழகியவர் அவர். தட்டு ஒவ்வொன்றையும் நான்காகப் பிரித்தால் சுற்றுக்கு 16 இடங்கள். இயைபை அவற்றின் நடுவிலும் வைத்தார்; வசனத்தை அடுத்த சுற்றுக்குள்ளும் கொண்டு போனார். கத்தாமல், நிதானமான குரலிலேயே கேட்பவரைக் கட்டிப்போட்டார்.

அதே தட்டை மூன்றாகப் பிரித்தால்? 12 இடங்கள்தான். மேசையில் ஒரே சீராகத் தட்டிக்கொண்டு முதலில் 'தகதிமி', பிறகு 'தகிட' என்று சொல்லிப் பாருங்கள். எமது சங்கீத ஆசிரியர்கள் சதுஸ்ரம், திஸ்ரம் என்பது இவற்றைத்தான். தட்டு மாறவில்லை, அசைகளும் குறைந்துவிட்டன. ஆனாலும் குரல் உருண்டோடுவதுபோல் கேட்கிறது. ஆக, நாம் வேகம் என்று நினைத்தது பல இடங்களில் பிரிக்கும் விதம்தான்.

2013இல் 'வெர்சாச்சி' பாடல் புகழ்பெற்றதும் இந்த மூன்றின் நடைக்கு 'மிகோஸ் நடை' என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் மெம்பிஸ் நகரின் த்ரீ சிக்ஸ் மாஃபியாவும் கிளீவ்லாந்தின் போன் தக்ஸ் குழுவும் 1990களிலேயே அப்படிப் பாடியிருந்தனர். கடைசியில் புகழ்பெற்றவரின் பெயர் நிற்கிறது. முன்னர் உழைத்தவர் மறக்கப்படுகிறார். வரலாறு படிப்பிக்கும் எமக்கு இது புதிதல்ல.

இனி வகுப்பில் ஒரு பிள்ளை மேசையில் தாளம் போட்டால், அதட்டுமுன் ஒரு கேள்வி கேட்போம்: "மகன், நீங்கள் பிரிப்பது மூன்றாகவா, நான்காகவா?"