அந்தமான் தீவுகளில் வீட்டு மின்சாரம்: சிக்கனமும் பாதுகாப்பும்

ஸ்ரீ விஜயபுரம்: இந்தியாவின் பெருநிலப்பகுதி முழுவதும் ஒரே தேசிய மின் தொகுப்பால் இணைக்கப்பட்டுள்ளது. அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு அந்த இணைப்பு இல்லை. மின் தேவையின் பெரும்பகுதியை டீசல் ஜெனரேட்டர்களே நிறைவு செய்கின்றன. அதற்கான எரிபொருள் பெருநிலப்பகுதியிலிருந்து கடல் வழியாகக் கொண்டுவரப்படுகிறது. இதனால் உற்பத்திச் செலவு, நுகர்வோர் செலுத்தும் கட்டணத்தைவிடப் பல மடங்கு அதிகம். வித்தியாசத்தை அரசு ஏற்கிறது.

மாற்று வழிகள்

வடக்கு அந்தமானில் திக்லிபூர் அருகே கல்போங் ஆற்றில் 5.25 மெகாவாட் திறனுள்ள நீர்மின் நிலையம் இயங்குகிறது. தலைநகர்ப் பகுதியில் என்.எல்.சி. இந்தியா நிறுவனம், பேட்டரி சேமிப்பு வசதியுடன் 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை அமைத்துள்ளது.

2024-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில், 3 கிலோவாட் கூரை சூரிய மின் அமைப்புக்குப் பொதுவாக ரூ.78,000 மானியம் வழங்கப்படுகிறது. அந்தமானுக்கு இது ரூ.85,800 ஆகும். எனினும் பேட்டரி இல்லாத அமைப்புகள், மின்தடை ஏற்பட்டதும் தாமாகவே நின்றுவிடும். கம்பிகளைப் பழுதுபார்க்கும் ஊழியர்களின் பாதுகாப்புக்காகவே இந்த ஏற்பாடு.

சேமிப்பது எப்படி?

வழக்கமான மின்விசிறி சுமார் 75 வாட் மின்சாரத்தைப் பயன்படுத்தும். பி.எல்.டி.சி. மின்விசிறிக்குச் சுமார் 30 வாட் போதும். நாளொன்றுக்கு 15 மணி நேரம் சுழன்றால், ஒரு விசிறியில் மட்டும் மாதம் ஏறத்தாழ 20 யூனிட் மிச்சமாகும். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 4 யூனிட்டே கிடைக்கும் என்பதால், இது சுமார் 5 லிட்டர் டீசலுக்குச் சமம்.

குளிர்சாதனத்தின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தி திறன் அமைப்பின் கணிப்பு. 24 டிகிரியில் வைப்பது போதுமானது.

உப்புக் காற்றும் மழையும்

தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஈரமும் உப்புக் காற்றும் மின் இணைப்புகளையும் எர்த் கம்பியையும் விரைவில் அரிக்கின்றன. எர்த் இணைப்பை உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டு மழைக்காலத்திற்கு முன் சோதிப்பது அவசியம்.

எம்.சி.பி. மிகை மின்னோட்டத்தைத் தடுக்குமே தவிர, மின்னதிர்ச்சியிலிருந்து மனிதரைக் காக்காது. அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தேவை. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும்.

தகரக் கூரையில் மின்கம்பி உராயக் கூடாது. துணி உலர்த்த இரும்புக் கம்பிக்குப் பதிலாக நைலான் கயிற்றைப் பயன்படுத்தலாம். வீட்டு ஜெனரேட்டரைச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இன்றி இணைத்தால், மின்சாரம் தெருக் கம்பிக்குப் பாய்ந்து ஊழியர்களின் உயிரைப் பறிக்கக்கூடும்.

விபத்து நேர்ந்தால்

மின்சாரம் தாக்கியவரை வெறுங்கையால் தொடக் கூடாது. முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அது இயலாவிட்டால், உலர்ந்த இடத்தில் நின்றுகொண்டு உலர்ந்த மரக்கட்டையால் அவரை மின்கம்பியிலிருந்து விலக்க வேண்டும். மூச்சு நின்றிருந்தால் மார்பை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்கி, 112 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

தெருவில் அறுந்து கிடக்கும் கம்பியை எக்காரணம் கொண்டும் நெருங்கக் கூடாது. பிறரையும் விலக்கி நிறுத்தி, மின்துறைக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும்.