ஆனைமலையின் இருபுறமும் மூன்று ஆட்சிகள்

அரசியல் அறிவியல் என்றாலே நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வருகிறது. என் மகளும் பதினொன்றாம் வகுப்பில் அந்தப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "முடியாட்சி, சிலராட்சி, குடியாட்சின்னு மனப்பாடம் பண்ணச் சொல்றாங்கப்பா. இதையெல்லாம் எங்க போய்ப் பார்க்கிறது?" என்று சலித்துக்கொண்டாள். "எங்கயும் போக வேண்டாம், நம்ம சித்தூர்ல இருந்தே ஆரம்பி" என்றேன். அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆட்சி முறைகளை ஒப்பிட்டுப் படிப்பதற்கு வழி போட்டவர் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். அவரும் மாணவர்களுமாக 158 அரசுகளின் அமைப்புகளைத் திரட்டினார்கள் என்று சொல்வது மரபு. ஆள்வது ஒருவரா, சிலரா, பலரா? யாருடைய நன்மைக்காக ஆள்கிறார்கள்? இந்த இரண்டோடு இன்னொன்றும் கேட்டார்: குடிமகன் என்பவன் யார்? ஓர் ஊரில் குடியிருப்பதால் மட்டும் ஒருவன் குடிமகன் ஆகிவிடுவதில்லை. ஆட்சியிலும் நீதி வழங்குவதிலும் பங்குள்ளவனே குடிமகன் என்பது அவர் விடை. வேடிக்கை என்னவென்றால், அரிஸ்டாட்டிலே ஏதென்ஸ் நகருக்கு வெளியூரிலிருந்து வந்து தங்கியவர். அங்கே அவருக்குக் குடியுரிமை கிடையாது!

இனி நம் எல்லைக்கு வருவோம். பாலக்காடு அன்று சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. வெள்ளையரின் நேரடி ஆட்சி. பக்கத்துச் சித்தூர் வட்டமோ கொச்சி மகாராஜாவுடையது. கொச்சியின் மற்றப் பகுதிகளோடு ஒட்டாமல் தனித் துண்டாகக் கிடந்தது. "காலையில ராசா சீமையில களத்துமேடு, பொழுது சாயறதுக்குள்ள வெள்ளைக்காரச் சீமையில சந்தை. மாடு ஒண்ணுதான் கண்ணு, ஆளுறவங்கதான் வேற வேற" என்பார் என் அப்புச்சி.

ஆனைமலைக்குத் தெற்கே, தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரின் கீழ் இருந்தன. 1877இல் பூஞ்சாறு அரசர் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோவுக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு தேயிலைக் கம்பெனி வந்தது. தென் தமிழகத்து ஊர்களிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டிப் போனார்கள். வேலையும் லயத்து வீடும் கம்பெனி கையில். காகிதத்தில் மகாராஜா ஆட்சி. அன்றாடத்தில் துரை ஆட்சி.

இவற்றில் எது மேல்? திருவிதாங்கூர் 1888லேயே சட்டசபை கண்டது. இந்தியச் சமஸ்தானங்களில் அதுவே முதல். கொச்சியில் 1925இல் சட்டசபை வந்தது. 1938இல் மக்கள் பிரதிநிதி ஒருவர் அமைச்சரும் ஆனார். மலபார் மக்களுக்கு 1937இல் சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மந்திரிசபையே கிடைத்தது. ஆனால் மூன்று இடங்களிலும் சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான் ஓட்டு. லயத்துத் தொழிலாளிக்கு மூன்றும் ஒன்றுதான். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை சமஸ்தானங்களில் 1948இல் வந்தது. மலபாரில் 1952 பொதுத்தேர்தலில்.

அடுத்து வந்தது மொழிவழி மாநிலக் கேள்வி. 1954இல் தடையை மீறித் தேவிகுளம் சென்ற மார்ஷல் நேசமணி கைதானார். அவ்வாண்டு ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1955இல் பசல் அலி ஆணையம் தெற்கே உள்ள தமிழ் வட்டங்களைச் சென்னை மாநிலத்துக்குத் தரச் சொன்னது. தேவிகுளத்தில் தமிழரே பெரும்பான்மை என்றாலும் அதையும் பீர்மேட்டையும் தரவில்லை. பொருளாதாரக் காரணங்களோடு, அங்குள்ள தமிழரில் பலர் வந்து போகிற கூட்டம் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அரிஸ்டாட்டிலின் மூன்றாம் கேள்வி மலையேறி வந்துவிட்டது, பார்த்தீர்களா! தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்கள் இருப்பவர்களா, வந்து போகிறவர்களா?

1956 நவம்பர் 1இல் கேரளம் பிறந்தது. அவ்வாண்டே ஏழாம் திருத்தம் தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கான 350ஏ பிரிவை அரசியல் சட்டத்தில் சேர்த்தது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத இடம் தந்தது. இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் கேட்பவர் இருந்தால்தான் சட்டத்துக்கு உயிர்.

மலையில் கேட்டவர்கள் உண்டு. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலர் வரதராஜன் தமிழில் பாடி ஓட்டுக் கேட்டார். ரோசம்மா புன்னூஸ் வென்றார். 2015 செப்டம்பரில் மூணாறு தோட்டத்துப் பெண்கள் கட்சித் தொழிற்சங்கங்களை ஒதுக்கிவிட்டு, 'பெம்பிளை ஒருமை' என்று தாங்களே திரண்டு போனஸ் வாங்கினார்கள். 2021இல் தேவிகுளம் உறுப்பினர் திருவனந்தபுரத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். ஆணையம் கேட்டதற்கு இவையெல்லாம் விடை அல்லவா?

அன்பர்களே, நாமும் வெளி மாநிலத்தில் இருப்பவர்கள்தாம். ஊருக்குத் திரும்பப்போகிறோம் என்று சொல்லிச் சொல்லியே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்காமல் இருபது வருஷம் ஓட்டினவன் நான். எல்லாம் கேட்டுவிட்டு மகள் சொன்னாள்: "அப்ப நீங்களே உங்களை வந்து போற கூட்டத்துல சேர்த்துக்கிட்டீங்கப்பா." பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த வாரமே விண்ணப்பம் கொடுத்தேன்.