நீரிழிவு உள்ளோரும் தைமோசினும்: ஒரு வாசிப்புக்கு மறுப்பு

செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) நோயாளரின் நோயெதிர்ப்பைத் தைமோசின் ஆல்பா-1 என்ற பெப்டைட்டால் மீட்கலாம் என்போர், அண்மையில் நீரிழிவு உள்ளோரையே தம் சான்றாகக் காட்டுகின்றனர். ஸ்கந்தபுரம், அக்கராயன் போன்ற வன்னி ஊர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும் கூற்று. காலபோகத்தில் சேற்றில் இறங்கும் விவசாயியை மண்ணிலும் நீரிலும் வாழும் மெலியோய்டோசிஸ் கிருமி தொற்றக்கூடும். அந்நோய்க்கு நீரிழிவைவிடப் பெரிய ஆபத்துக் காரணி இல்லை. நோய் குருதியில் பரவினால் செப்சிஸ்.

இக்கூற்று தங்கியிருப்பது 2025இல் பிஎம்ஜே மருத்துவ இதழ் வெளியிட்ட சீன ஆய்வின் ஒரு துணைக்குழுவில். 22 மையங்களில் 1106 பேர் சேர்க்கப்பட்ட அச்சோதனையில் 28 நாள் இறப்பு மருந்துக் குழுவில் 23.4%, போலிமருந்துக் குழுவில் 24.1%, ஆபத்து விகிதம் 0.99 (1 என்றால் வேறுபாடு இல்லை). முதன்மை விடை இதுதான். 361 பேருடன் நடந்து 2013இல் வெளியான முந்திய ஆய்வு காட்டிய 26%, 35% என்ற இடைவெளி இங்கே மறைந்துவிட்டது. முந்தியதிலும் ஒப்பு ஆபத்தின் 95% நம்பக இடைவெளி 0.54 முதல் 1.02 வரை, அதாவது பயனின்மையையும் உள்ளடக்கியே இருந்தது.

நீரிழிவு உள்ளோரில் ஆபத்து விகிதம் 0.58 (0.35–0.99). இதை மேற்கோள் காட்டுவோர் அதே ஆய்வின் இன்னோர் எண்ணைக் கடந்து போகின்றனர்: 60 வயதுக்குக் கீழ்ப்பட்டோரில் 1.67 (1.04–2.67). மருந்து பெற்றவர்களே கூடுதலாக இறந்தனர். நீரிழிவு சார்ந்த வேறுபாட்டின் நிகழ்தகவு மதிப்பு 0.04, வயது சார்ந்ததன் மதிப்பு 0.01. துணைக்குழுக்களை நம்புவதானால், நன்மையைவிடத் தீமைக்கே சான்று வலுவானது. பல துணைக்குழுக்களைப் பார்க்கும்போது ஓரிரண்டு தற்செயலாகவே இப்படி அமையும் என்பதால் இரண்டையும் ஐயத்துடன் அணுகுவதே என் நிலை. ஒன்றை ஏற்று மற்றதை விடுவதற்கு நியாயம் இல்லை. நீரிழிவுள்ள 48 வயது விவசாயி இரு குழுவிலும் அடங்குவார். அவருக்கு எந்த எண் பொருந்தும் என்பதைத் தனித்தனியே கணித்த விகிதங்களால் சொல்ல முடியாது.

நீரிழிவு டி-கலங்களைத் தளர்த்துகிறது, 28 அமினோ அமிலங்கள் கொண்ட இப்பெப்டைட் அவற்றைத் தூண்டுகிறது, ஆகவே பயன் இயல்பானதே என்பர். பொறிமுறை அழகாயிருப்பது உயிர் பிழைத்ததற்குச் சான்றாகாது. பாதுகாப்பான மருந்துதானே, கொடுத்துப் பார்த்தால் என்ன என்ற கேள்விக்கு அந்த 1.67 போதுமான பதில்.

மெலியோய்டோசிஸில் இறப்பைப் பாதியாக்கியது வேறொன்று. தாய்லாந்தின் உபோன் ராட்சதானியில் நடந்து 1989இல் வெளியான ஆய்வில், செஃப்டாசிடைம் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைத் தந்தபோது இறப்பு 74%இலிருந்து 37%ஆக இறங்கியது. செப்சிஸுக்கு வழமையாகத் தரும் ஜென்டாமைசினுக்கு இக்கிருமி பெரும்பாலும் அடங்காது. எனவே மாரியில் காய்ச்சலோடு வரும் நீரிழிவு நோயாளரிடம் முதலில் வேண்டியது குருதி வளர்ப்புச் சோதனையும், இந்நோயாக இருக்கலாம் என்ற சந்தேகமும்தான். தைமோசினை இங்கே சோதிக்க விரும்புவோர், வயதையும் நீரிழிவையும் சேர்த்து அடுக்காகப் பிரித்த சோதனையை மெலியோய்டோசிஸ் நோயாளரிடமே நடத்தட்டும். அதுவரை சோதனைக்கு வெளியே அதைக் கொடுக்கச் சான்றில்லை.