ஹெர்மீஸின் மீட்புவழி கல்கத்தா வந்த கதை

1463இல் ஃபிளாரன்ஸின் முதிய தலைவர் கொசிமோ தெ மெடிச்சி, பிளாட்டோவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஹெர்மீஸின் நூல்களை லத்தீனில் பெயர்த்துத் தாருங்கள் என்று அறிஞர் மார்சிலியோ ஃபிச்சினோவைப் பணித்தார். ஹெர்மீஸ் திரிஸ்மெகிஸ்டஸ் மிகப் பழைய எகிப்திய முனிவர் என்றும், பிளாட்டோவின் ஞானமே அவர் வழி வந்தது என்றும் அன்றைய அறிஞர் நம்பினார்கள். உயிர் தன் தெய்வ மூலத்தை உணர்ந்தால் போதும். உடல் விழுந்தபின் அது ஏழு கோள்மண்டலங்களைக் கடந்து மேலேறும், ஒவ்வொன்றிலும் வஞ்சகம், பேராசை, பொய் என ஒரு குற்றத்தைக் களைந்துவிடும் என்பது அந்நூல்கள் காட்டும் மீட்புவழி. சைவ சித்தாந்தம் பேசும் மலநீக்கம் அறிந்தவர்களுக்கு இது அயலாகத் தோன்றாது. அங்கே அருள் செய்வதை இங்கே அறிவு செய்கிறது, வேறுபாடு அதுதான்.

1614இல் மொழியறிஞர் ஐசக் கசோபன் அந்நூல்களின் கிரேக்க நடையை ஆராய்ந்து, அவை கிறிஸ்துவுக்குப் பிந்தியவை என்று நிறுவினார். எகிப்திய முனிவரின் மதிப்பு சரிந்தது. எல்லாச் சமயங்களுக்கும் அடியில் ஓர் ஆதி ஞானம் உண்டு என்ற எண்ணமோ சாகவில்லை. அதற்கு வேறோர் ஊர் தேவைப்பட்டது, அவ்வளவே. கல்கத்தாவில் 1784இல் ஆசியச் சங்கத்தை நிறுவிய வில்லியம் ஜோன்ஸ், பித்தாகரஸும் பிளாட்டோவும் இந்திய முனிவர்களும் ஒரே ஊற்றில் பருகியவர்கள் என்று 1786இல் அதே சங்கத்தில் பேசினார்.

ஹெர்மீஸின் பெயரையே வெளிப்படையாக எடுத்துவந்தது பிரம்மஞான சபை. 1875இல் நியூயார்க்கில் அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிளவாட்ஸ்கி அம்மையார், 1877இல் வெளிவந்த தம் பெருநூலை ஹெர்மீஸ் தத்துவத்துக்கான வாதமாகவே முன்வைத்தார். 1882 ஏப்ரலில் அவரும் சபையை உடன் நிறுவிய ஆல்காட்டும் கல்கத்தாவில் இருந்தபோது வங்காளக் கிளை உருவாயிற்று. தலைவர் பியாரிசந்த் மித்ரா, வங்க நாவலின் முன்னோடி. 1860இல் மனைவியை இழந்தபின் ஆவியுலக ஆய்வில் இறங்கியவர். அவரைச் சபைக்கு இழுத்தது ஏழு மண்டலங்களின் கணக்காக இருந்திருக்காது; இறப்புக்குப் பின்னும் உயிர் இருக்கிறது என்ற உறுதியே அவர் தேடியது. படித்த வங்காளிகள் பலருக்கோ, வெள்ளையர் வாயாலேயே உபநிடதத்தின் பெருமையைக் கேட்பது பெரிதாக இருந்தது. எகிப்து பின்னுக்குப் போய் வேதாந்தம் முன்னே வந்ததில் வியப்பில்லை.

இறந்தபின் உயிர் என்னாகும் என்று தேடிய மித்ரா 1883இல் காலமானார். சபையின் பெண்கள் பிரிவை நடத்திய சுவர்ணகுமாரி தேவியோ, தாகூரின் தமக்கை, 1886இல் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் உதவ சகி சமிதியைத் தொடங்கினார்.