ஒடிந்த மலையும் ஒரு சீட்டாட்டமும்

ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸின் மேற்குக் கோடியில் வறண்ட ஒரு கரடு. முதுகு உடைந்தாற்போல இருந்ததால் 'ப்ரோக்கன் ஹில்' என்று பெயர். 1844-ல் அந்தப் பக்கம் போன சார்லஸ் ஸ்டர்ட் அதைப் பார்த்தார். ஆனால் மனுஷர் தேடியது, நாட்டின் நடுவே ஒரு கடல் இருக்கிறதா என்று! வண்டியில் படகுகூட ஏற்றிக்கொண்டு போனார். கடலும் கிடைக்கவில்லை, பக்கத்திலிருந்த புதையலும் தெரியவில்லை.

1883 செப்டம்பர். ஆட்டுப் பண்ணை எல்லையைக் குதிரையில் சுற்றிவரும் வேலைக்காரர் சார்லஸ் ராஸ்ப், அங்கிருந்த கறுத்த பாறையைப் பார்த்து 'வெள்ளீயம்!' என்று முடிவு கட்டினார். பண்ணை மேனேஜர் மெக்கல்லக் உள்பட ஏழு பேர் கூட்டுச் சேர்ந்தார்கள். பரிசோதித்தால்... வெள்ளீயம் பூஜ்யம்! கொஞ்சம் ஈயம், கொஞ்சூண்டு வெள்ளி.

ஏன் அப்படி? நம் வீட்டு இரும்பு கேட் மழையில் துருப்பிடிக்கிறதல்லவா, அதே கதைதான். சுமார் 169 கோடி ஆண்டு வயதுள்ள ஈய, துத்தநாகக் கனிமம், மேலே காற்றும் தண்ணீரும் பட்டு அரித்துப்போய், இரும்பும் மாங்கனீசும் மட்டும் தொப்பி மாதிரி மிஞ்சும். சரக்கெல்லாம் தொப்பிக்குக் கீழே!

இது தெரியாமல் சிலர் பங்கை விற்றார்கள். மெக்கல்லக் தன் பங்கில் பாதியை காக்ஸ் என்ற இளைஞருக்கு விற்றபோது, விலையைச் சீட்டாடி முடிவு செய்தார்கள். ஜெயித்தது காக்ஸ்! சில ஆண்டுகளில் அதன் மதிப்பு லட்சக்கணக்கான பவுண்டு. ஏனென்றால், 1885-ல் அங்கே வெள்ளி கொட்டிக் கிடப்பது தெரிந்துவிட்டது. அந்த வருஷம் பிறந்த கம்பெனிதான் இன்றைய சுரங்க ஜாம்பவான் பி.ஹெச்.பி.

ஆழம் போகப் போக ஈயமும் துத்தநாகமும் பின்னிப் பிணைந்து வந்தன. பிரிக்க வழியில்லாமல் துத்தநாகத்தைக் குப்பையாகக் குவித்தார்கள். பொடித்த கனிமத்தை நீரில் கலக்கி, குமிழிகளில் ஒட்டவைத்து மிதக்கவிடும் முறை, 1900-களின் தொடக்கத்தில் அங்கேதான் உருப்பெற்றது. குப்பை காசானது! அந்தக் குப்பைமேட்டு பிசினஸில் இறங்கியவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஹூவர். ஆமாம், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனவரேதான்.

தொழிலாளிகளுக்கு என்ன கிடைத்தது? நுரையீரலில் தூசி, ரத்தத்தில் ஈயம். 1919-ல் வேலைநிறுத்தத்தில் இறங்கியவர்கள் பட்டினி கிடந்து, 18 மாதம் விடாமல் நின்றார்கள். சுரங்கத்துக்குள் வாரம் 35 மணி நேர வேலை என்பதை வென்றபிறகே உள்ளே இறங்கினார்கள்.

1939-ல் பி.ஹெச்.பி. மூட்டை கட்டிவிட்டது. ஊர் அங்கேயேதான் இருக்கிறது, அந்தத் தூசியும்தான். அங்கே பிறக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் என்று இன்றும் சோதித்துப் பார்க்கிறார்கள்.