ஆர்கேட் பெட்டிகள்: மாற்றியமைத்தலும் மூலநிலைப் பேணலும் – ஒரு வரலாற்று நோக்கு

காசு போட்டு விளையாடும் வீடியோ விளையாட்டு இயந்திரம், அதாவது ஆர்கேட் பெட்டி, 1971 இல் வெளிவந்த 'கம்பியூட்டர் ஸ்பேஸ்', அடுத்த ஆண்டில் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'பொங்' ஆகியவற்றோடு வணிகச் சந்தைக்குள் நுழைந்தது. மரப்பலகைக் கூடு, படக்குழாய்த் திரை, விளையாட்டின் நிரலைத் தாங்கிய மின்சுற்றுப் பலகை, கைப்பிடியும் பொத்தான்களும் கொண்ட கட்டுப்பாட்டுத் தட்டு, காசுப் பொறி என்பன அதன் முக்கிய உறுப்புகளாகும். எஞ்சியுள்ள பழைய பெட்டிகளைப் பொறுத்தவரை, உள்ளுறுப்புகளைக் கழற்றிவிட்டுக் கணினியையும் தட்டைத் திரையையும் பொருத்திப் பல விளையாட்டுகளை ஆடலாம் என்போர் ஒரு பக்கமும், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலையிலேயே அவற்றைப் பேண வேண்டும் என்போர் மறுபக்கமும் நிற்கின்றனர். மாற்றியமைத்தல் பிற்கால ரசிகர்கள் தொடங்கிய வழக்கம் என்னும் எண்ணம் இரு சாராரிடமும் காணப்படுகின்றது. வரலாறு அதற்கு இடம் தரவில்லை.

இதற்கு முதன்மைச் சான்று நிண்டென்டோ நிறுவனத்தின் 'டொங்கி கொங்' ஆகும். அந்நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை 'ரேடார் ஸ்கோப்' என்னும் விளையாட்டின் 3000 பெட்டிகளை ஜப்பானிலிருந்து தருவித்தபோது, கப்பலில் வந்து சேர்வதற்குள் அவ்விளையாட்டின் மீதிருந்த ஆர்வம் தணிந்துவிட்டமையால், ஏறத்தாழ 2000 பெட்டிகள் விலைபோகாமல் களஞ்சியத்தில் தேங்கின. அப்பெட்டிகளில் பொருத்துவதற்கென்றே புதிய விளையாட்டொன்றை உருவாக்கும் பொறுப்பு ஷிகெரு மியாமோட்டோ என்னும் இளம் வடிவமைப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1981 இல், கிளையின் தலைவர் மினொரு அரகாவாவும் அவருடைய மனைவியும் ஒருசில ஊழியர்களும் களஞ்சியத்திலேயே பெட்டிகளைத் திறந்து புதிய பாகங்களைப் பொருத்தினர். பின்னர் தனியாகத் தயாரிக்கப்பட்ட டொங்கி கொங் பெட்டிகள் நீல நிறத்தவை. முதலில் சந்தைக்கு வந்தவையோ ரேடார் ஸ்கோப்பின் சிவப்பு நிறத்தையே கொண்டிருந்தன. இன்று ஒரு சேகரிப்பாளர் அத்தகைய சிவப்புப் பெட்டியை மூலநிலைக்குத் திருப்புவதாகக் கருதி மீண்டும் ரேடார் ஸ்கோப் ஆக்குவாராயின், உலகின் முதல் டொங்கி கொங் பெட்டிகளுள் ஒன்றை அவரே அழித்தவராவார்.

'மிஸ் பக்-மேன்' விளையாட்டின் பிறப்பும் இத்தகையதே. ஜெனரல் கம்பியூட்டர் என்னும் அமெரிக்கச் சிறு நிறுவனம், பழைய விளையாட்டுகளுக்குப் புத்துயிர் ஊட்டும் துணைப் பலகைகளைத் தயாரித்து விற்றதன் காரணமாக 1981 இல் அட்டாரி தொடுத்த வழக்கை எதிர்கொண்டு, பின்னர் சமரசத்துக்கு வந்தது. அந்நிறுவனம் பக்-மேன் விளையாட்டுக்காகச் செய்திருந்த மாற்றுருவை மிட்வே நிறுவனம் பெற்று, 1982 இல் மிஸ் பக்-மேன் என வெளியிட்டது. அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தால், உள்ளே இருப்பது பக்-மேனின் மின்சுற்றுப் பலகைதான். அதன் செயலிச் சில்லைக் கழற்றிய இடத்தில் பட்டைக் கம்பியொன்று செருகப்பட்டு, துணைப் பலகையோடு இணைக்கப்பட்டிருக்கும். தொழிற்சாலையே இங்கு மாற்றியமைக்கும் பட்டறையாக இயங்கியுள்ளது.

1980களின் நடுப்பகுதியில் இவ்வழக்கம் தொழிலின் பொது விதியானது. ஜப்பானிய ஆர்கேட் உற்பத்தியாளர் சங்கம் வகுத்த 'ஜம்மா' இணைப்பு முறை, 56 முனைகள் கொண்ட ஒரே இணைப்பியினூடாக மின்சாரம், ஒலி, படம், கைப்பிடிச் சமிக்ஞை ஆகிய அனைத்தையும் கடத்தியது. பலகையை மட்டும் மாற்றினால் பெட்டி வேறு விளையாட்டாகிவிடும் என்பதால், கடைக்காரர்கள் பழைய பெட்டிகளின் பக்கச் சித்திரங்களின் மேல் வண்ணம் பூசிப் புதிய பெயர்ப்பலகையை மாட்டினர். இன்று அரிதாகிவிட்ட பல பெட்டிகள் அவ்வாறே மறைந்தன.

1997 இல் நிக்கோலா சல்மோரியா தொடங்கிய 'மேம்' என்னும் மென்பொருள், பழைய பலகைகளின் இயக்கத்தைக் கணினியில் போலச் செய்து காட்டியது. விளையாட்டின் நிரல் அழியாமல் காக்கப்பட்டதில் இம்மென்பொருளின் பங்கு மிகப் பெரியது. கப்கொம் நிறுவனத்தின் 1993 ஆம் ஆண்டுப் பலகைத் தொகுதியில், விளையாட்டின் நிரலைத் திறக்கும் இரகசியச் சாவி மின்கலத்தின் துணையோடு நினைவகத்தில் தங்கியிருந்தமையால், மின்கலம் தீர்ந்ததும் பலகையும் செயலிழந்தது. ஆர்வலர்களின் நீண்ட முயற்சியால் 2016 இல் அதற்குத் தீர்வு கிடைத்தது. ஆயினும், இயந்திரம் என்னும் பௌதிகப் பொருளை மென்பொருளால் ஈடுசெய்ய முடியாது. 1979 இன் 'ஆஸ்டரொய்ட்ஸ்' விளையாட்டில் எதிர்மின் கற்றை திரையை வரிவரியாக வருடாமல் நேர்கோடுகளை நேரடியாக வரைகின்றது. அந்த ஒளிக்கூர்மை தட்டைத் திரையில் வருவதில்லை. பல்லாண்டுகள் ஓடிய பக்-மேன் பெட்டிகளின் படக்குழாயில், மின்சாரம் இல்லாதபோதும், அதன் வழிப்புதிரின் கோடுகள் பதிந்து கிடப்பதைக் காணலாம். அத்தழும்பும் ஓர் ஆவணமே.

1964 ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், ஒரு நினைவுச் சின்னத்தில் எல்லாக் காலங்களும் சேர்த்த தகுதியான பங்களிப்புகள் மதிக்கப்பட வேண்டும் எனவும், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் எனவும் வலியுறுத்துகின்றது. கட்டடங்களுக்கென எழுதப்பட்ட இந்நெறி ஆர்கேட் பெட்டிக்கும் பொருந்தும். உறுப்புகள் முழுமையாக உள்ள பெட்டியைக் கணினிக்காக வெட்டுவது தவறு; ஏற்கெனவே வெறுங்கூடாகிவிட்ட பெட்டிக்குக் கணினி பொருத்துவதில் இழப்பேதும் இல்லை; எந்த மாற்றமாயினும் மீளக் கழற்றத்தக்கதாக இருத்தல் வேண்டும்.

இலங்கையில் இத்தகைய பெட்டிகளைப் பேணும் பொறுப்பு முழுவதும் தனியாரையே சார்ந்துள்ளது. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட பொருட்களையே தொல்பொருள் என வரையறுக்கின்றமையால், இருபதாம் நூற்றாண்டின் இயந்திரங்கள் அதன் காப்புக்குள் வருவதில்லை. 100 வோல்ட் மின்சாரத்துக்கென ஜப்பானில் செய்யப்பட்ட பெட்டி, இங்குள்ள 230 வோல்ட்டில் இயங்க மின்மாற்றி வேண்டும். கிழக்குக் கரையின் உப்புக்காற்றோ இணைப்பு முனைகளை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். இத்தகைய இயந்திரங்களைக் காக்கத் தேவையான கைப்பழக்கம் அக்கரைப்பற்று முதல் கல்முனை வரை படக்குழாய்த் தொலைக்காட்சிகளைத் திருத்தி வந்தோரிடம் உண்டு. படக்குழாயின் உயர் அழுத்த மின்னேற்றத்தைப் பாதுகாப்பாக இறக்குவது எவ்வாறு என்பதை அறிந்தவர்கள் அவர்களே. அட்டாளைச்சேனைப் பிரதேசத்தின் ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலை, தொழில்நுட்பப் பீடங்கள் இணைந்து, அவர்களின் திருத்தல் முறைகளைப் படமாகவும் எழுத்தாகவும் பதிவுசெய்ய முன்வர வேண்டும். பழைய பெட்டி எதுவாயினும் அதனை வைத்திருப்போர், திறப்பதற்கு முன் படம் எடுத்து, வயர்களுக்கு அடையாளமிட்டு, கழற்றிய பாகங்களை எறிந்துவிடாமல் பெட்டியோடே வைத்திருக்க வேண்டும்.